ஷாக் போச்சா, வேறு ஏதாவதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம் தடதடத்தாலே "ஷாக் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்" என்பார்கள். ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். நாலையும் மாற்றிய பிறகும் அதே சத்தம் வரும். அப்புறம்தான் ஐநூறு ரூபாய் லிங்க் ராடு மேல் சந்தேகம் வரும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன், வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் குழியிலா, பெரிய ஸ்பீட் பிரேக்கரிலா, ஸ்டீயரிங் திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? பதிலிலேயே பாதி விடை இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஷாக் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எம்ஜிபி மாதிரி வண்டிகளில் லீவர் வகை: வார்ப்பு உலோக டப்பா, அதிலிருந்து நீளும் கை, உள்ளே பிஸ்டனும் எண்ணெயும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெசல் வண்டிகளிலும் முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு நடுவே நிற்கும் டெலஸ்கோபிக் ஷாக், அதாவது குழாய்க்குள் தண்டு ஏறி இறங்கும் வகை. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அடிச்சட்ட வடிவமைப்பிலிருந்து வந்த வண்டி என்பதால் கீழே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. போர்ஷே 944, டொயோட்டா எம்ஆர்2 போன்ற 80களின் வண்டிகளில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அங்கே ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூண்.

முதலில் ஐந்து நிமிட வேலை ஒன்று. நாலு டயரிலும் காற்றை வண்டிக்குரிய அளவில் வையுங்கள். பங்க்சர் கடையில் "நார்மல் 35" என்று அடித்துவிட்டிருந்தால், 24, 26 கேட்கும் லேசான வண்டி எலும்பு நொறுங்கத் தடதடக்கும். அது ஷாக்கின் குற்றமில்லை.

ஸ்பீட் பிரேக்கர் தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை

மூலையைப் பலமாக மூன்று முறை அமுக்கி, கீழே இருக்கும்போது கையை எடுங்கள். மேலே வந்து, லேசாக இறங்கி, நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறையும் எழும்பினால் அந்த மூலை ஷாக் தளர்ந்துவிட்டது. ஆனால் கெட்டியான ஸ்பிரிங் போட்ட வண்டியை ஆள் பலத்தால் அமுக்கவே முடியாது. அங்கே இந்தச் சோதனையில் எல்லா ஷாக்கும் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

அதைவிட நம்பகமானது சூட்டுச் சோதனை. ஷாக்கின் வேலையே ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். மெட்ரோ வேலையால் சிதைந்த ஏதாவது சாலையில் 15 நிமிடம் ஓட்டிவிட்டு, உடனே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நாலு ஷாக்கின் உடலையும் அளந்து பாருங்கள். இடது வலது ஜோடியில் ஒன்று 55 டிகிரியைச் சுற்றி இருந்து மற்றது 42 மட்டும் காட்டினால், அந்த இரண்டாவது வெறுமனே தொங்கிக்கொண்டு வருகிறது. முன்னையும் பின்னையும் ஒப்பிட வேண்டாம். இடது வலது ஜோடியை மட்டும் ஒப்பிடுங்கள். சைலன்சர் பக்கத்தில் இருக்கும் ஷாக் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் மேல் எண்ணெய்

தண்ணி சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் இதைப் பார்த்துப் பதற வேண்டாம். வாட்டர் வாஷ் கடைகளில் கடைசியில் அடிச்சட்டத்தில் பழைய எண்ணெயோ டீசலோ பீய்ச்சுவது வழக்கம். அது ஷாக் மேலும் படியும். (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களை ஊதவைத்துக் கெடுப்பதும் இதே எண்ணெய்தான். அடுத்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.) துணியால் துடைத்து, 100 கி.மீ. ஓட்டி, திரும்பப் பாருங்கள்.

தண்டைச் சுற்றி மேல் பகுதியில் மட்டும் மெல்லிய ஈரப்படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் விட்டுவிடலாம். எண்ணெயை உள்ளே நிறுத்தும் வளையமான சீல் தன்னை நனைத்துக்கொள்ள அந்த அளவு எண்ணெய் கசியத்தான் செய்யும். உடலின் பாதிக்குக் கீழே வரை எண்ணெய் வழிந்து, துடைத்தபின் மறுபடி வழிந்தால் சீல் போய்விட்டது.

இங்கேதான் பலரும் தவறுவது: சீல் தானாகப் போவது அரிது. டஸ்ட் பூட் கிழிந்திருக்கும். ஈசிஆர் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் தண்டின் குரோமில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை சீலைத் தாண்டும்போதும் அதன் உதட்டைச் சுரண்டும். தண்டை முழுக்க இழுத்து, நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேனும் தட்டினால், அந்தத் தண்டில் புது சீல் போடுவது காசை மழைநீர் வடிகாலில் போடுவதற்குச் சமம்.

சின்னக் குழியில் "டக் டக்", பெரிய குழியில் சத்தமில்லை

இது ஷாக்கே இல்லை என்று சந்தேகிக்க வேண்டிய அறிகுறி. வரிசையாகப் பாருங்கள்.

ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) லிங்க்: இருபக்கமும் கழற்றி, கம்பியால் ஒதுக்கிக் கட்டி, தெருவுக்குள் 20 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று வாருங்கள். சத்தம் நின்றால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் எதுவும் தெரியாது. கழற்றிய நிலையில் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள், வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும்.

ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்: ஒருவர் நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் விரல் வையுங்கள். ஸ்பிரிங் முறுக்கேறி, "ட்ராய்ங்" என்று ஒரே தாவலாக விடுபட்டால் மவுண்ட் பேரிங் பிடித்திருக்கிறது. பானெட்டைத் திறந்து மவுண்ட் மேல் உள்ளங்கை வைத்தபடி வண்டியை ஆட்டச் சொன்னால், ரப்பர் பிரிந்ததும் கையில் தெரியும்.

ஸ்ட்ரட்டுக்குள் இன்சர்ட் ஆட்டம்: இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளே தடுமாறுவார்கள். வெல்டு செய்த ஸ்ட்ரட் குழாய்க்குள் தனி கார்ட்ரிட்ஜ் போட்டு, மேலே குழாயின் வாயை மூடும் கிளாண்ட் நட்டால் இறுக்குகிற வகையில் வருவது. கார்ட்ரிட்ஜ் ஒரு மி.மீ. குட்டையாக இருந்தாலும் நட்டு குழாயின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். உள்ளே கார்ட்ரிட்ஜ் தளர்வாக மேலும் கீழும் அடிக்கும். முழுக்க இறுக்கிய பிறகு நட்டின் விளிம்புக்கும் குழாய்க்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் லேத் பட்டறையில் ஒரு ஸ்பேசர் வளையம் கடைந்து அடியில் போடுங்கள்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் முன்பக்கக் கீழ் டிரனியனையும் (சக்கரம் திரும்ப உதவும் நூலிழை இணைப்பு) பாருங்கள். அதற்கு கிரீஸ் அல்ல, 90 கியர் எண்ணெய்தான் போக வேண்டும். நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் அடி நூலிழை வரை இறங்காமல் மேலேயே நிற்க, உள்ளே தேயும், துருவும். சத்தம் ஷாக் மாதிரியே கேட்கும். ஷாக் போனால் வண்டி ஆடும். டிரனியன் முறிந்தால் சக்கரமே மடங்கிவிடும். எனவே இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிறீச் சத்தம்

ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து ஆட்டிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். ரப்பர் என்றால் மாற்ற வேண்டும், பாலியூரித்தேன் என்றால் கழற்றி சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும்.

டயர் தேய்மானம் அலை அலையாக

டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மேடு பள்ளம் போல் கையில் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையைத் தொட்டும் விட்டும் ஓடியிருக்கிறது. ஷாக், வீல் பேலன்ஸ், வீல் பேரிங் மூன்றுமே இதைச் செய்யும். ஒரே பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது அலைன்மென்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைன்மென்ட் மட்டும் செய்துவந்தால் புது டயரும் அதே மாதிரி போகும்.

கிளம்பும்போது நன்றாக இருக்கிறது, அரை மணி கழித்துப் படகு

எண்ணெய் சூடேறி நீர்த்துப்போவதும், அதில் காற்றுக்குமிழ் கலப்பதும் காரணம். இரட்டைக்குழாய் (குழாய்க்குள் குழாய்) ஷாக்கில் வாயு அழுத்தம் போய்விட்டால் எண்ணெயும் காற்றும் மோர் கடைந்தமாதிரி நுரைத்துவிடும். மே மாத வெயிலில் ஓஎம்ஆரில் ஒரு நடை, அல்லது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலு சுற்று போதும், குறை வெளியே வந்துவிடும். ஆறியதும் பழையபடி ஆகிவிடுவதால் பட்டறையில் யாரும் நம்ப மாட்டார்கள். சூடாக இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது

ஷாக் அல்ல, ஸ்பிரிங். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நாலு மூலையிலும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பிறகும் தேவைப்படும்.

எம்ஜிபி லீவர் ஷாக்: திசை மாறும்போது தளர்வு

பின்பக்கத்தில் லிங்கைக் கழற்றி, ஷாக்கின் கையை மேலும் கீழும் முழு தூரம் தள்ளுங்கள். இருதிசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் ஒரு அங்குலம் சும்மா போனால் உள்ளே காற்று, அதாவது எண்ணெய் குறைவு. நிரப்பும் முன் மூடியைச் சுற்றி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல்துகள் உள்ளே போனால் வால்வு அடையாமல் நிற்கும். துவாரத்தின் அடிமட்டம்வரை 20 டபிள்யூ ஃபோர்க் ஆயில் ஊற்றி, கையை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை இயக்கி, மறுபடி ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், நுரைக்கும். எண்ணெய் ஊற்றி ஒரு வாரத்தில் திரும்பத் தளர்ந்தால் குறுக்குத் தண்டு ஓடும் துளை தேய்ந்திருக்கிறது. அதைக் கடைந்து புஷ் அடித்து, சீல் இடம் வெட்ட வேண்டும். அது வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முன்பக்கத்தில் கை வைக்கும் முன் ஒன்றை மனதில் பதியுங்கள். அங்கே லீவர் ஷாக்கின் கைதான் மேல் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை. ஜாக்கியைக் கீழே ஸ்பிரிங் பேனுக்கு (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) அடியில் வைத்து ஸ்பிரிங்கைத் தாங்காமல் அந்தக் கையைக் கழற்றினால், ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு விடுபடும். சட்டம் ஆக்ஸில் ஸ்டாண்டு மேல், ஸ்பிரிங் பேன் ஜாக்கி மேல், இரண்டும் இருக்க வேண்டும். அதன் பிறகு மேல் டிரனியன் போல்ட்டை உருவி, ஷாக்கை கிராஸ் மெம்பரில் பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் எடுக்கலாம்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரின் பின்பக்கத்திலும் இதே ஜாக்கிரதை. அங்கே சக்கரம் கீழே தொங்கும் எல்லையை நிறுத்துவதே ஷாக்தான். தாங்கு கொடுக்காமல் போல்ட்டை உருவினால் ஆக்ஸில் சடாரென்று இறங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், யூனிவர்சல் ஜாயின்ட் முறுக்கும்.

புதிதா, ரீபில்டா?

வாய் மடித்து நசுக்கி மூடிய சாதாரண இரட்டைக்குழாய் ஷாக்கை ரீபில்டு செய்யலாம் என்று யாராவது துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். வெல்டின் சூட்டில் சீல் அங்கேயே பாதி வெந்துவிடும். கிளாண்ட் நட்டு வைத்த ஸ்ட்ரட், பழைய கோனி, பில்ஸ்டீன் கம்பெனி ஷாக், லீவர் வகை ஆகியவைதான் திறந்து வேலை செய்யத் தக்கவை. வாயு நிரப்பிய மோனோடியூப்பை (ஒற்றைக்குழாய் ஷாக்) வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே 200 பிஎஸ்ஐக்கு மேல் நைட்ரஜன் நிற்கும். ரீசார்ஜ் கருவி உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள். எதுவானாலும் இடது வலது ஜோடியாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

கிளாண்ட் நட்டு ஸ்ட்ரட் என்றால் வேலை இப்படிப் போகும். வெளிப்புறத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, நட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணெயை அளவுக் குடுவையில் ஊற்றுங்கள். கசியாத பக்கத்தில் வரும் அளவுதான் உங்களுக்கு வழிகாட்டி. மேனுவல் இருந்தால் அதில் உள்ள மி.லி. கணக்கே இறுதி. கறுப்பாக, வெள்ளித்தூள் மினுங்க எண்ணெய் வந்தால் பிஸ்டன் வளையமோ கைடு புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

தண்டை மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளக்கவும்: சீல் ஓடாத மேல்நுனி, நடு, அடி. நடுவில் 0.05 மி.மீ. குறைந்திருந்தால் ஹார்ட் குரோம்தான் வழி. கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சக் கீற்று வந்துவந்து போனால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்ததை நிமிர்த்திப் போட வேண்டாம். குரோம் வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கொடுக்கும்போது மூன்று விஷயம் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்: முடிந்த விட்டம் எவ்வளவு, குரோம் ஏற்றியபின் கிரைண்டு செய்து மெருகேற்ற வேண்டும், பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரியில் குறைந்தது 3 மணி நேரம் சூளையில் வைக்க வேண்டும். கடைசியைச் சொன்னால் "எதுக்கு சார்?" என்பார்கள். பிளேட்டிங்கின்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். சூடு அதை வெளியேற்றும். மெலிந்த ஷாக் தண்டில் அந்த விரிசல் நூலிழை ஆரம்பிக்கும் இடத்தில் விழும்.

சீல் வாங்கும்போது அளவு மட்டும் பொருந்தினால் போதாது. ஜி.பி. ரோட்டில் அதே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமனில் என்ஜின் ஆயில் சீல் கிடைக்கும். அது சுற்றும் தண்டுக்கானது. மேலும் கீழும் ஓடும் தண்டுக்கு வேறு உதடு. பைக் ஃபோர்க் சீல்களில் தேடினால் பொருந்துவது கிடைக்க வாய்ப்பு அதிகம். மாட்டும்போது தண்டின் நூலிழை மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஷாக் எண்ணெய் தடவி இறக்குங்கள். டேப் இல்லாமல் இறக்கினால் கூரிய நூலிழை உதட்டைக் கிழிக்கும், புது சீல் முதல் நாளே கசியும்.

எண்ணெயை வாய்வரை நிரப்பக் கூடாது. தண்டு உள்ளே போகும்போது அதன் கனஅளவுக்கு இடம் வேண்டும். காற்றிடம் விடாவிட்டால் முதல் பெரிய குழியில் எண்ணெய் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். இன்சர்ட் போடும் ஸ்ட்ரட்டிலோ கார்ட்ரிட்ஜைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற வேண்டும், சூடு வெளிக்குழாய்க்குக் கடத்தப்பட. கார்ட்ரிட்ஜ் இறங்கியபின் எண்ணெய் மட்டம் வாயிலிருந்து 2, 3 செ.மீ. கீழே நின்றால் சரி.

ஸ்பிரிங் இறக்கும்போது

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் இரண்டு, நேர் எதிர் எதிரே, ஒவ்வொன்றும் ஸ்பிரிங்கின் அதிகபட்சச் சுற்றுகளைப் பிடித்தபடி. மாறி மாறி அரைச் சுற்று. ஏர் கன் வேண்டாம், கையால் மட்டும். ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கும்வரை மேல்நட்டைத் தொடாதீர்கள். அதன் அச்சுக்கு நேராக முகத்தை வைத்து வேலை செய்யாதீர்கள்.

புதுசு போட்டதும் முன்னைவிட மோசம்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பொருள் நல்லதாகவே இருக்கும், மாட்டிய விதம்தான் கோளாறு.

கெட்டியாக இருக்கிறது, வண்டி தூக்கி நிற்கிறது: லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுக்க இறுக்கியிருப்பார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கேறும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முழு முறுக்கத்தில் இருக்கும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் வண்டியைத் தூக்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, முன்னே பின்னே உருட்டி, மூலைகளை அமுக்கிவிட்டு, பிட்டில் இறங்கி இறுக்குங்கள். முன்பு எழுதிவைத்த ஃபெண்டர் அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

முதல் ஒரு அங்குலம் எதிர்ப்பே இல்லை, "கிளக்" சத்தம்: இரட்டைக்குழாய் ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்து, உள்குழாய்க்குள் வாயு புகுந்திருக்கிறது. மாட்டும் முன் தலைகீழாக, தண்டு கீழே வரும்படி பிடித்து மெதுவாக முழுக்க அமுக்கி, இரண்டு விநாடி நிறுத்தி, அமுக்கியபடியே நிமிர்த்தி, சில விநாடி கழித்து மெல்ல விரியவிடுங்கள். நாலைந்து முறை செய்தால் எதிர்ப்பு சீராகிவிடும். அதன்பின் படுக்கவைக்காதீர்கள்.

ஒரு மாதத்தில் கசிவு: மேல்நட்டை இறுக்கும்போது தண்டு சுற்றாமல் இருக்கக் குறட்டால் குரோமைப் பிடித்திருப்பார்கள். பல் தடம் தெரியும். தண்டின் நுனியில் உள்ள தட்டையிலோ ஆலன் துளையிலோதான் பிடிக்க வேண்டும்.

ஒரு பக்கம் வளைவில் மட்டும் வண்டி வேறுமாதிரி சாய்கிறது: சரிசெய்யும் வகை ஷாக்கில் இடதும் வலதும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. பழைய சிவப்பு கோனியில் ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கி, தண்டை மெல்லத் திருப்பினால் அடிவால்வின் பள்ளத்தில் மாட்டும். முழு மென்மையில் நிற்கும்வரை கொண்டுபோய், அங்கிருந்து அரைச் சுற்றுகளை எண்ணி, இரண்டிலும் ஒரே கணக்கு வையுங்கள். நம் ஊர்ச் சாலைக்கு மென்மையிலிருந்து அரைச் சுற்று தாண்டினாலே போதும். முழு கெட்டியில் வைத்தால், ஒரு குழியில் அமுங்கிய சக்கரம் இறங்கி முடிவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, பம்ப் ஸ்டாப்பில் (கடைசி எல்லையில் தடுக்கும் ரப்பர்) அடிக்கும்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட். ஸ்ட்ரட் வண்டியில் இது கட்டாயம், கேம்பரே (சக்கரத்தின் சாய்வு) மாறியிருக்கும். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, 500 கி.மீ. கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் நட்டை மட்டும் திரும்ப இறுக்கினால் போதும். அது நைலாக் நட்டாக (உள்ளே நைலான் வளையம் உள்ளது) இருந்தால் புதிதே போட்டுவிடுங்கள்.